இணையத்தில் காசு கேட்டால் பத்திரிகைக்கு வருமானம் கூடுமா?

ஊடகக் கற்கை படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டுப் பத்திரிகைகள் இப்போது சந்தா கட்டினால்தான் இணையத்தில் வாசிக்க விடுகின்றன. அதனால் அவர்களுடைய வருமானம் உண்மையிலேயே கூடியதா? கூடியதென்றால் கொழும்பில் இருக்கிற தமிழ்ப் பத்திரிகைகள் ஏன் அதைச் செய்யத் தயங்குகின்றன?" இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். கதவைப் பூட்டினால் வாசலில் நிற்பவர் காசு கொடுத்து உள்ளே வருவாரா, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாரா? நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விற்பனைப் பிரிவில் 11 வருடம், விளம்பரப் பிரிவில் 7 வருடம், கடைசியில் இணையப் பிரிவில் 4 வருடம் வேலை செய்தவன். ஆசிரியபீடத்தில் இருந்ததில்லை. ஆகவே காசு எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்பதைத்தான் அனுபவத்தோடு சொல்ல முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். பத்திரிகை எப்போதும் இரண்டு பேரிடம் காசு வாங்கியது. வாங்கி வாசிக்கிறவரிடம் கொஞ்சம், விளம்பரம் போடுகிறவரிடம் நிறைய. கடையில் கொடுக்கிற விலை தாளுக்கும் மைக்கும் லொறிக்குமே போதாது. ஏஜென்ட் கமிஷனும் விற்காமல் திரும்பி வருகிற ரிட்டர்னும் கழிந்தால் இன்னும் குறையும். அந்தப் பள்ளத்தை விளம்பரம்தான் நிரப்பியது. அமெரிக்காவில் 2005இல் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 49 பில்லியன் டொலரளவில் இருந்தது. 2020இல் அது 10 பில்லியனுக்கும் கீழே இறங்கியது. அந்த வருடம்தான் அங்கே வாசகர் கொடுத்த காசு முதன்முறையாக விளம்பரக் காசைத் தாண்டியது. வாசகரின் காசு பெரிதாக ஏறவில்லை, விளம்பரம் அவ்வளவு கீழே விழுந்துவிட்டது. கட்டணச் சுவர், அதாவது பேவோல், இந்த விழுகையிலிருந்து தப்புவதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறந்துவிட்டால் இனிச் சொல்லப்போகிற எதுவும் சரியாக விளங்காது.

எல்லாரும் காட்டுகிற உதாரணம் நியூயோர்க் டைம்ஸ். அவர்களும் முதல் தடவையில் வெற்றி பெறவில்லை. 2005இல் பத்தி எழுத்தாளர்களை மட்டும் கட்டணத்துக்குள் வைத்து வருடத்துக்கு 49.95 டொலர் கேட்டார்கள். இரண்டே வருடத்தில், வாசகர் தொகை பெருகினால் விளம்பரத்தில் கூடுதலாக உழைக்கலாம் என்று கணக்குப் பார்த்துக் கைவிட்டார்கள். திரும்ப 2011 மார்ச்சில் தொடங்கினார்கள். மாதம் 20 கட்டுரை இலவசம், 21ஆவதற்குக் காசு. அடுத்த வருடம் 20ஐ 10 ஆகக் குறைத்தார்கள். 2012இல் விற்பனையும் சந்தாவும் சேர்ந்து விளம்பரத்தை முந்தின. 2023இல் சந்தாதாரர் தொகை 1 கோடியைத் தாண்டியது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, கூகுளில் தேடி எப்போதாவது ஒன்று வாசிக்க வருகிறவரை, வாசித்த கட்டுரைகளை எண்ணிப் பூட்டுகிற அந்த மீற்றர் விரட்டவில்லை என்பதுதான். அவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தினமும் வந்து உட்கார்ந்து வாசிக்கிறவரிடம்தான் காசு கேட்டார்கள். இன்னொன்றும் செய்தார்கள். அச்சுப் பத்திரிகையை வீட்டுக்கு எடுப்பவருக்கு இணையத்தைச் சும்மா கொடுத்தார்கள். முழு இணையச் சந்தா 4 கிழமைக்கு 35 டொலர் இருந்த நேரத்தில், ஞாயிறு பத்திரிகையை வீட்டுக்கு எடுத்தால் அதெல்லாம் கூடவே கிடைத்தது. இணையத்துக்காகக் கட்டிய சுவர் இப்படி அச்சையும் கொஞ்சக் காலம் தாங்கிப் பிடித்தது.

இனிச் சந்தேகமான பகுதி. அந்த வளர்ச்சியில் சுவரின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 2016 தேர்தல் நடந்த கடைசி மூன்று மாதத்தில் மட்டும் 2,76,000 பேர் புதிதாக இணையச் செய்திச் சந்தாவுக்கு வந்தார்கள். பிறகு சமையல் குறிப்பு, விளையாட்டுப் புதிர் எல்லாம் சேர்ந்தன. 2022இல் வேர்டில் என்ற சொல் விளையாட்டையும், 550 மில்லியன் டொலருக்கு த அத்லெட்டிக் என்ற விளையாட்டுச் செய்தி நிறுவனத்தையும் வாங்கினார்கள். ஆகவே "டைம்ஸ் செய்தது, நாமும் செய்யலாம்" என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் படிப்பினை தந்தது லண்டனில் நடந்தது. அங்கே ஒரே முதலாளியிடம் இரண்டு பத்திரிகைகள் இருக்கின்றன. த டைம்ஸ் 2010இல், காசில்லாமல் உள்ளே வாசிக்க முடியாத முழுச் சுவர் கட்டியது, இன்றும் சந்தாவில்தான் ஓடுகிறது. த சன் 2013 ஓகஸ்ட்டில் கிழமைக்கு 2 பவுண் என்று கட்டி, இரண்டு இலட்சத்துக்கு மேல் சந்தாதாரரைச் சேர்த்தும், 2015 நவம்பரில் இடித்துவிட்டது. முதலாளி ஒருவர், நகரம் ஒன்று, தொழில்நுட்பமும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் உள்ளே வைத்திருந்த பொருளில். உதைபந்தாட்டக் கிசுகிசுவும் நட்சத்திரச் செய்தியும் பக்கத்துத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதற்குக் காசு கட்டினவர்கள் இருந்தார்கள், ஆனால் விட்டுப் போனவர்களால் இழந்த விளம்பரத்தை அவர்களால் ஈடுசெய்ய முடியவில்லை. ஆய்வுகளும் இந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவில் கனெட் நிறுவனம் மூன்று ஊர்ப் பத்திரிகைகளில் சுவரைச் சோதித்தபோது தளத்துக்கு வருகிறவர்கள் 51 வீதம் குறைந்தார்கள் என்று ஓர் ஆய்வு கண்டது. இளம் வயதினர்தான் கூடுதலாகப் போனார்கள். பல பத்திரிகைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில், பெரியவையும் தனக்கென்று செய்தி வைத்திருந்தவையும் சுவரால் லாபமடைந்தன, சிறியவை பல நட்டப்பட்டன. எனவே உங்கள் முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: சிலருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது, சராசரியைச் சொன்னால் இரண்டு பேருக்கும் பொய்யாகிவிடும்.

சரி, கொழும்புக்கு வருவோம். இங்கே எல்லாரும் முதலில் பயப்படுவது "சுவர் கட்டினால் இணைய விளம்பரம் போய்விடுமே" என்று. நான் இணையப் பிரிவுக்கு வந்த முதல் மாதமே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குக்காகச் சுற்று எண்களே எடுக்கிறேன், எந்தப் பத்திரிகையின் உண்மைக் கணக்கும் இல்லை. ஒரு தளம் மாதம் 10 இலட்சம் தடவை பார்க்கப்படுகிறது, ஆயிரம் பார்வைக்கு 100 ரூபா கிடைக்கிறது என்று வையுங்கள். மாதம் 1 இலட்சம். சுவரால் பார்வை பாதியாகிறது, 50,000 ரூபா போய்விட்டது. மாதச் சந்தா 300 ரூபா, வங்கியும் மற்றவர்களும் 10 வீதம் எடுத்தால் கைக்கு 270. அந்த 50,000ஐத் திரும்பப் பிடிக்க 186 பேர் போதும். நூற்றெண்பத்தாறு பேர்! தமிழ்த் தளங்களின் தானியங்கி விளம்பர வருமானம் அவ்வளவு மெலிந்தது. கூகுளின் விளம்பரச் சேவை தமிழ் மொழிக்கு வந்ததே 2018 பெப்ரவரியில்தான், வந்த பிறகும் தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைக்கிற விலை ஆங்கிலப் பக்கத்துக்குக் கிட்டவும் நிற்காது. ஆகவே பயம் தவறான இடத்தில் இருக்கிறது. அந்த 186 பேரைப் பிடிப்பதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம். மாதா மாதம் 5 வீதம் பேர் விலகினால் ஆயிரம் பேர் ஒரு வருடத்தில் 540 ஆகிவிடுவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இல்லை. கார்ட் காலாவதியாகியிருக்கும், புதுக் கார்ட் போட மறந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க ஒருவர் அலுவலகத்தில் வேண்டும். அந்தச் சம்பளத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். வங்கி, தொலைபேசிக் கொம்பனி, அரச கேள்விகோரல் விளம்பரங்கள் வரும், ஆனால் அவை யாரோ எங்கோ எடுத்த முடிவில் வருவதும் நிற்பதும். தினமும் தவறாமல் கவுண்டருக்கு வருவது மரண அறிவித்தல். மாலை 5 மணிக்கு ஒருவர் வியர்த்துக் களைத்து வருவார், சட்டைப்பைக்குள் பாஸ்போர்ட் அளவுப் படம், கையில் நாலாக மடித்த கொப்பித் தாள். அன்னாரின் பிறந்த ஊர், வசித்த இடம், பிள்ளைகள் இருக்கிற நாடுகள், மருமக்கள் பெயர், ஒருவர் பெயரும் விடுபடக்கூடாது. நான் அந்தத் தாளை அவருக்கு முன்னால் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், ஏனென்றால் ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் அது பத்து வருடம் நிற்கும். பிறகு 31ஆம் நாள், ஓராண்டு நினைவஞ்சலி என்று அதே குடும்பம் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மணமகன், மணமகள் தேவை. இந்த மனிதர்கள் காசு தருவது எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பக்கத்தைச் சுவருக்குள் வைத்தால் அவர்கள் தருகிற காசுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். புலம்பெயர்ந்தோருக்கான இணையத்தளங்கள் இந்த வருமானத்தில் ஒரு பங்கை ஏற்கனவே எடுத்துவிட்டன, அவை எல்லாருக்கும் திறந்திருப்பதாலேயே. எனவே நம் ஊரில் சுவர் என்று பேசினால் முதல் விதி: மரண அறிவித்தல் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது தடை பலர் யோசிக்காதது. நியூயோர்க் டைம்ஸுக்குத் தன் வாசகரின் பெயரும் விலாசமும் தெரியும், ஏனென்றால் வீட்டுக்கு வீடு சந்தா வைத்திருந்தது. நோர்வேயில் ஏறக்குறைய 40 வீதம் பேர் இணையச் செய்திக்குக் காசு கட்டுகிறார்கள், கணக்கெடுத்த நாடுகளில் அதுதான் கூடுதல். செய்தி வாசிப்பை ஆராய்கிற ரொய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் பார்க்கிற 20 பணக்கார நாடுகளின் சராசரி 17, 18 வீதத்தில் வருடக்கணக்காக அசையாமல் நிற்கிறது. நோர்வேயின் அந்த இலக்கத்துக்குப் பின்னால், வீட்டுக்குப் பத்திரிகை எடுத்துப் பழகிய நீண்ட வழக்கம் இருக்கிறது. நம் வாசகர் கடையில் வாங்குகிறவர். வெள்ளவத்தையில் நான் ஏஜென்ட் கணக்குப் பார்க்கப் போகிற ஒரு கடையில், காலை 6 மணிக்கு முதலாளி பத்திரிகைக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிரதியின் மேல் மூலையிலும் பென்சிலால் வீட்டு இலக்கம் எழுதுவார். 14/3, 22, 37 மேல்மாடி. யார் ஞாயிறு மட்டும் எடுப்பார், யார் ஊருக்குப் போயிருக்கிறார், யார் மாதக் கடைசியில்தான் காசு தருவார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கடைக்கு எத்தனை பிரதி, எத்தனை ரிட்டர்ன் என்பது மட்டும். வாசகர் யாரென்றே தெரியாமல் சந்தாக் கடிதத்தை யாருக்கு அனுப்புவது?

2022இல் இது எங்களை நேராக அடித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. நியூஸ்பிரிண்ட் இல்லை. த ஐலண்ட், திவயின ஆகிய பத்திரிகைகளே அச்சை இடைநிறுத்தி இணையத்தில் வெளியிடும் நிலைக்கு வந்தன, மற்றவர்கள் பக்கத்தைக் குறைத்தார்கள், விலையைக் கூட்டினார்கள். மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத அந்த மாதங்களில் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்குகிற பழக்கம் பல வீடுகளில் அறுந்தது. செய்திப் பசி குறையவில்லை, ஃபோனில் இலவசமாகத் தீர்ந்தது. தாள் திரும்பி வந்தபோது அந்த வாசகர்களில் ஒரு பகுதி திரும்பவில்லை. அவர்கள் யார் என்று எங்களிடம் ஒரு பதிவு இருந்திருந்தால் அந்த மாதங்கள் முழுக்க அவர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கலாம். என் வேலைக் காலத்தில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

"நம் ஆட்கள் இணையத்துக்குக் காசு கட்ட மாட்டார்கள்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குறுஞ்செய்தியில் செய்தி அனுப்பும் சேவைக்கு மாதா மாதம் ஃபோன் கணக்கிலிருந்து காசு கழிவதை இங்கே பலர் எத்தனையோ வருடமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தமிழகத்தில் விகடன் குழுமம் தன் இதழ்களை நெடுநாளாக இணையத்தில் சந்தாவுக்கு விற்கிறது, ஆகவே தமிழ் வாசகர் என்பதும் தடையில்லை. தடை, கட்டுகிற வழி. கார்ட் இலக்கத்தை இணையத்தில் போட நம் மூத்த வாசகர் பயப்படுகிறார். ரீலோட்டிலிருந்து கழிந்தால் பயப்படமாட்டார், ஆனால் அந்த வழியில் தொலைபேசிக் கொம்பனி எடுக்கிற பங்கு பெரிது. பிறகு கசிவு. நான் இருந்த இடத்தில் முழுப் பத்திரிகையையும் பக்கம் பக்கமாகப் பார்க்கிற இ-பேப்பருக்குக் கட்டணம் வைத்தோம். முதல் கிழமையே காலை 7 மணிக்குள் முழுப் பத்திரிகையும் பி.டி.எஃப். ஆக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதை எனக்கு அனுப்பியது என் சொந்த மச்சான், "அண்ணா, உங்கட பேப்பர் வந்திட்டுது" என்ற குறிப்போடு. அவர் திருடுகிறோம் என்று நினைத்து அனுப்பவில்லை. கடையில் வாங்கிய ஒரு பிரதியை நான்கு வீடு மாறி மாறி வாசித்த பழக்கம்தான் அது, ஃபோனுக்கு வந்ததும் நான்கு நாலாயிரமாகிவிட்டது. பூட்டை இறுக்கிப் பார்த்தோம். காசு கட்டிய வாசகருக்குத்தான் தொல்லை கூடியது, கசிவு நிற்கவில்லை.

வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் கட்டுவார்களா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கே நான் அனுமானத்தில்தான் பேசுகிறேன். லண்டன், டொரொன்டோ, ஒஸ்லோவில் இருப்பவருக்கு மாதம் இரண்டு டொலர் ஒரு விஷயமே இல்லை, கார்ட்டும் கையில் இருக்கிறது. பழைய மாணவர் சங்கத்தின் மூலம் பாடசாலைக் கட்டடத்துக்கு இலட்சக்கணக்கில் தருகிறவர்கள் அவர்கள். ஆனால் தமிழ்ச் செய்தி என்றால் இலவசம் என்று இருபது வருடமாகப் பழகியிருக்கிறார்கள். அவர்களிடம் சுவர் வைத்துக் கேட்பதைவிட, லண்டன் பத்திரிகையான த கார்டியன் செய்வதுபோல எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு "இந்த வேலை தொடர வேண்டுமென்றால் தாருங்கள்" என்று கேட்பது கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கார்டியனின் கணக்கு 2019இல் சமநிலைக்கு வந்ததில் வாசகர் பங்களிப்புக்கு முக்கிய இடம் இருந்தது.

எதை உள்ளே வைக்கலாம்? அன்றாடச் செய்தியை வைக்கக்கூடாது, அது பத்து இடத்தில் கிடைக்கிறது, அதோடு அனர்த்தம், தேர்தல், சுகாதாரம் பற்றிய செய்தி காசில்லாதவருக்கும் போய்ச்சேர வேண்டும். ஞாயிறு வாரவெளியீட்டின் நீண்ட அரசியல் ஆய்வு, நீதிமன்ற வழக்குகளைத் தொடர்ந்து எழுதுகிற பக்கம், தோட்டச் சம்பளம், காணிப் பிரச்சினை போன்றவற்றை வருடக்கணக்காகப் பின்தொடர்கிற செய்தியாளரின் எழுத்து, பழைய பிரதிகளின் காப்பகம், இவற்றுக்கு வேறு கடையில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளைப் பற்றியும் அலுவலகத்தில் வாதம் நடந்தது. அது வந்த நாளில் பிரதி கூடுதலாக விற்கும், பெற்றோர் கட்டாயம் காசு கட்டுவார்கள். நான் எதிர்த்தேன். ஹட்டனிலோ மன்னாரிலோ ஒரு பிள்ளைக்கு அந்தத் தாள் மட்டும்தான் வீட்டில் இருக்கிற பயிற்சிப் புத்தகம். கடையில் வாங்கிய ஒரு பிரதியை ஆசிரியர் வகுப்புக்கே பிரதியெடுத்துக் கொடுப்பார், ஃபோனில் பூட்டி வைத்ததை அப்படிக் கொடுக்க முடியாது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் நான் அதே பக்கம்தான்.

சந்தா வருமானம் கூடினால் வருகிற மாற்றம் ஒன்றையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஒக்டோபரில் வொஷிங்டன் போஸ்ட் ஜனாதிபதி வேட்பாளர் யாரையும் ஆதரிப்பதில்லை என்று அறிவித்ததும், சில நாட்களுக்குள் 2,50,000க்கு மேற்பட்ட சந்தாதாரர் விலகியதாகச் செய்தி வந்தது. விளம்பரக்காரரின் பிடி தளர்ந்தால் வாசகரின் பிடி இறுகும். அரச விளம்பரம் எப்போது நிற்குமோ என்று பார்த்துக்கொண்டே தலைப்புப் போட்ட காலத்தைக் கண்டவன் என்ற முறையில், வாசகர் பிடி எனக்கு விருப்பமானதுதான். ஆனால் நம்மைப்போலப் பிரிந்து கிடக்கிற சமூகத்தில், தன் பக்க வாசகர் விரும்பாததை எழுதத் துணிகிற ஆசிரியருக்கு அது வேறுவகை அழுத்தம்.

ஆய்வுக்காக யாரிடம் போவது என்று நீங்கள் யோசித்தால், பத்திரிகை அலுவலகத்தின் இணையப் பிரிவுக்கு முதலில் போகாதீர்கள். பார்வை இலக்கங்கள்தான் அங்கே கிடைக்கும், அவற்றை வைத்து எதையும் நிரூபிக்கலாம். ஒரு ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பத்திரிகை விற்கிற கடையில் 6 மணியிலிருந்து 9 மணிவரை நில்லுங்கள். யார் முதலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார், யார் கையில் எடுத்துத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஃபோனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த முதலாளியிடம், பென்சிலால் எழுதுகிற வீட்டு இலக்கம் ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை, இப்போது எத்தனை என்று கேளுங்கள்.